கள்ளத்தராசும் கண்சாடையும்

பிப்ரவரி 16, 2024. ஒரு வாசகரின் கேள்வி

ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு சப்ளையர் ஒருவர் கேக் கொண்டுவந்தார். டப்பாவுக்கு அடியில் ஒரு கவர். பிரிக்கவில்லை, திருப்பியும் கொடுக்கவில்லை, மேசை டிராயரில் கிடக்கிறது. வசனத்தை இருதயத்தில் வைத்திருப்பவன் சோதனையில் விழமாட்டான் என்று போன ஞாயிறு பிரசங்கத்தில் கேட்டேன். சங்கீதம் 119:11. எனக்கு அந்த வசனம் தெரியும். கவரும் டிராயரில் இருக்கிறது. யாராவது விளக்குங்கள்.

பிப்ரவரி 16, இரவு 10:20

விழமாட்டான் என்பது பொய். எனக்கு நூற்றுக்கும் மேல் வசனம் தெரியும். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடப் போட்டியில் சில்வர் டம்ளர் வாங்கியவன். விழுந்தேன். அதுவும் மனப்பாடமாகத் தெரிந்த வசனத்தின் மேலேயே ஏறி நின்று விழுந்தேன். நாளைக்கு எழுதுகிறேன், காலையில் ஷிப்ட்.

பிப்ரவரி 17, காலை 6:15

நான் எடைமேடை ஆள். தூத்துக்குடிப் பக்கம். லாரி பாரத்தோடு மேடையில் ஏறும், ஒரு எடை. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வரும், காலி வண்டி எடை. இரண்டையும் கழித்தால் சரக்கு எடை. அதற்கு ஒரு சீட்டு. அந்தச் சீட்டை வைத்துத்தான் வாங்குகிறவர் பணம் கொடுப்பார்.

பாரம் ஏறும்போது டிரைவரும் கிளீனரும் இறங்கியிருக்க வேண்டும், காலி எடைக்கும் இறங்கியிருக்க வேண்டும். அதைப் பார்ப்பது என் வேலை. பார வண்டி எடையில் இரண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருந்து, காலி எடைக்கு மட்டும் இறங்கிக்கொண்டால் அவர்கள் இருவரின் எடையும் இரும்பாகிவிடும். இரண்டு ஆள் என்றால் 130 கிலோ. 2012-இல் பழைய இரும்பு ஏற்றி வந்த ஒரு டிரைவர் ஒவ்வொரு லோடுக்கும் அப்படி உட்கார்ந்திருந்தார். நான் ஸ்கிரீனைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. தூக்காமல் இருந்ததற்கு ஸ்டேப்ளருக்கு அடியில் 200 ரூபாய் நோட்டு ஒன்று வைத்துவிட்டுப் போவார்.

பிப்ரவரி 17, இரவு 9:50

சரி, சரி. 200 ரூபாய் நோட்டு வந்ததே 2017 ஆகஸ்டில்தான், 2012-இல் எப்படி என்று ஒருவர் கேட்டுவிட்டார். இரண்டு நூறு ரூபாய்த் தாள். நான்காக மடித்தது. சாட்சி சொல்ல வந்தவன் நோட்டிலேயே தடுமாறுகிறேன் பாருங்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: கவரை இன்னும் பிரிக்கவில்லை என்பதை ஒரு நல்ல காரியமாக எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த இரண்டு தாளை உடனே எடுக்கமாட்டேன். ஷிப்ட் முடியும்போதுதான் எடுப்பேன். எடுக்காமல் இருந்த அந்த ஆறு மணி நேரமும் நான் யோக்கியன் என்று ஒரு நினைப்பு.

பிப்ரவரி 18, பிற்பகல் 2:40

இன்றைக்கு லெந்து தவக்காலத்தின் முதல் ஞாயிறு, கோவிலிலிருந்து வந்து எழுதுகிறேன்.

வனாந்தரத்தில் பிசாசு சோதித்தபோது இயேசு மூன்று தடவையும் வசனத்தால்தான் பதில் சொன்னார் என்று எல்லாப் பிரசங்கியாரும் சொல்வார்கள். மூன்றும் உபாகமம். 8:3, 6:16, 6:13. அது சரி. பிசாசும் வசனம் சொன்னான் என்பதை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். சங்கீதம் 91. "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்று சங்கீதத்தில் இருக்கிற துண்டை அவன் விழுங்கிவிட்டு, தூதர்கள் கைகளில் ஏந்திக்கொண்டு போவார்கள் என்பதை மட்டும் சொல்கிறான்.

என் கதையில் பிசாசுக்கு வேலையே வைக்கவில்லை. நானே சொல்லிக்கொண்டேன். நீதிமொழிகள் 11:1: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." எங்கள் எடைமேடை வருஷா வருஷம் முத்திரை போட்டது. முத்திரை ஆய்வாளர் வருவார், 20 கிலோ இரும்புக்கற்களை மேடையின் நாலு மூலையிலும் அடுக்கிப் பார்ப்பார், கம்பி கோத்து ஈயத்தில் முத்திரை வைப்பார். சுமுத்திரை. பைபிளில் இருக்கிற வார்த்தை அப்படியே என் கண் முன்னால் ஈயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தராசில் கள்ளம் இல்லை, ஒரு கிலோகூட இல்லை. மேடையில் என்ன ஏறியதோ அதைத்தான் அது காட்டியது. ஆகவே அந்த வசனம் எனக்கு இல்லை, தராசைத் திருத்தி வைக்கிறவனுக்கு என்று முடிவு கட்டினேன். கோவிலில் அந்த வசனம் வாசிக்கப்பட்ட ஒரு நாள், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிப்ரவரி 19, காலை 5:55

திருத்தம். நேற்று எழுதியதில் "உன்னைக் காக்கும்படி" என்பதையும் பிசாசு விழுங்கினான் என்று எழுதிவிட்டேன். அது மத்தேயுவில். லூக்கா 4:10-இல் "உம்மைக் காக்கும்படிக்கு" இருக்கிறது. "உன் வழிகளிலெல்லாம்" மட்டும் இரண்டிலும் இல்லை. லூக்காவில் இரண்டாம் மூன்றாம் சோதனைகளின் வரிசையும் மாறியிருக்கும். மாற்குவில் பேச்சே கிடையாது, இரண்டே வசனம், காட்டுமிருகங்களோடு இருந்தார், முடிந்தது. எனக்கு இப்போது மாற்கு சொல்கிறதுதான் பிடிக்கிறது. வசனத்துக்கு வசனம் என்று பட்டிமன்றம் நடத்தி ஜெயித்த நாள் ஒன்றுகூட என் வாழ்க்கையில் இல்லை.

பிப்ரவரி 19, இரவு 11:05

போத்திபாரின் மனைவி இழுத்தபோது ஓடிய யோசேப்பைப் போல ஓடியிருக்கலாமே என்கிறார் ஒருவர். அண்ணாச்சி, எட்டு மணி நேர ஷிப்ட். யோசேப்பு வஸ்திரத்தைத்தான் விட்டுவிட்டு ஓடினான், நான் எடைமேடையை விட்டுவிட்டு எங்கே ஓட? ஓடிய யோசேப்புக்கும் ஜெயில்தான் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 21, இரவு 9:30

பேச்சு எங்கெங்கோ போகிறது, நானும் போகிறேன்.

கத்தோலிக்க நண்பர் ஒருவர் கேட்டார்: கர்த்தருடைய ஜெபத்தில் நீங்கள் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்கிறீர்களே, கடவுளா நம்மைச் சோதனைக்கு உட்படுத்துகிறார்? அவர்கள் சொல்வது "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்". சின்ன வித்தியாசம் இல்லை. 2017 டிசம்பரில் பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கர்கள் இந்த ஒரு வரியைத்தான் மாற்றினார்கள், சோதனைக்குள் நுழைய விடாதேயும் என்கிற அர்த்தத்தில். போப் பிரான்சிஸ் அப்போது அதைப் பற்றிப் பேசினார், விழுகிறவன் நான், என்னைத் தள்ளிவிடுகிறவர் அவர் அல்ல என்கிற மாதிரி. 2020-இல் இத்தாலியிலும் மாற்றினார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதற்கெல்லாம் முன்பிருந்தே விழவிடாதேயும் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

யாக்கோபு 1:13 தேவன் ஒருவனையும் சோதிக்கிறவர் அல்ல என்கிறது. ஆதியாகமம் 22:1 தேவன் ஆபிரகாமைச் சோதித்தார் என்கிறது. பரீட்சைக்கும் தூண்டிலுக்கும் நம் பைபிளில் ஒரே சொல்தான் என்பதால் வருகிற குழப்பம். கிரேக்கத்திலும் ஒரே சொல்தானாம்.

பிப்ரவரி 21, இரவு 9:41

லாரிக்காரர்களுக்கு சோதனை என்றால் சோதனைச்சாவடி.

பிப்ரவரி 24, இரவு 10:45

"எப்படி நிறுத்தினீர்கள், எந்த வசனம் தடுத்தது" என்று மூன்று பேர் கேட்டாயிற்று.

அப்போது அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு அதுவரை அம்மாதான் வாசிப்பாள், தினம் ஒரு அதிகாரம், வரிசையாக. கண் மங்கிய பிறகு என்னை வாசிக்கச் சொன்னாள். நான் வாசிப்பது தாசில்தார் ஆபீசில் பட்டியல் வாசிக்கிற மாதிரி இருக்கும். மனசு வேறு எங்காவது இருக்கும்.

அன்றைக்கு 1 சாமுவேல் 12. சாமுவேல் கிழவனாகி, ஜனங்கள் முன்னால் கணக்கு ஒப்படைக்கிறார். நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன். எருதும் கழுதையும் எனக்குச் சம்பந்தம் இல்லை, வாய் பாட்டுக்கு ஓடுகிறது. அடுத்தது: "யார் கையில் பரிதானம் வாங்கிக்கொண்டு கண்சாடையாயிருந்தேன்?"

கண்சாடையாய் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கரண்ட் போனாலும் நிற்காமல் தொடர்கிற ஆள் நான். அம்மா, "ஏன்யா நிப்பாட்டிட்ட, எழுத்து தெரியலியா?" என்றாள். தெரிகிறது என்றேன். "தெரிஞ்சா வாசி."

நான் மனப்பாடம் பண்ணாத வசனம் அது. எந்தப் போட்டியிலும் கேட்கமாட்டார்கள். பரிதானம் என்று மட்டும் இருந்திருந்தால் அதையும் தாண்டியிருப்பேன், ஸ்டேப்ளருக்கு அடியில் இருப்பது டீக்காசு என்று. கண்சாடையாயிருந்தேன், கண்டும் காணாததுபோல் இருந்தேன் என்பது அப்படியே என் வேலை. கையால் ஒன்றும் செய்யவில்லை, வாயால் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 25, மாலை 4:10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அல்லேலூயா, அன்றோடு மனந்திரும்பினீர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அதற்குப் பிறகும் மூன்று லோடு. மூன்றுக்கும் தாளை எடுத்தேன். என்ன வித்தியாசம் என்றால், அதற்கு முன்னால் நான் தலையைத் தூக்காமல் இருந்தது எனக்கே தெரியாது. இப்போது கழுத்து வலித்தது. நிஜமாகவே.

நாலாவது லோடுக்குக் கூண்டை விட்டு இறங்கிப் போய், "அண்ணாச்சி, ரெண்டு பேரும் இறங்குங்க" என்றேன். டிரைவர் கோபப்படவில்லை. ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, ரேட்டு கூட்டணுமா? கேட்டா குடுத்துருவேன்ல" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு என்ன வசனம் சொல்வது? கிளீனர் பையன் சிரித்துக்கொண்டே குதித்து இறங்கினான். எடை போட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அந்த வண்டி வேறு எடைமேடைக்குப் போய்விட்டது. முதலாளி மட்டும், அந்த லோடெல்லாம் ஏன் வரவில்லை என்று இரண்டு தடவை கேட்டார்.

1 கொரிந்தியர் 10:13-இல் சோதனையோடுகூட தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார் என்று இருக்கிறது. போக்கு முதல் நாளே இருந்தது. கூண்டிலிருந்து மேடைக்கு நாலு படி. நான் அதைச் சாக்குப்போக்காக்கி வைத்திருந்தேன்.

பிப்ரவரி 27, காலை 6:05

இப்போது இருக்கிற எடைமேடையில் கேமரா உண்டு, சீட்டிலேயே வண்டிப் படம் வரும், ஆகவே வசனத்தைவிட கேமரா மேல் என்கிறார் ஒருவர். வியாபாரத்துக்கு மேல்தான். நானும் முதலாளியிடம் வைக்கச் சொன்னவன். ஆனால் எங்கள் கேமராவில் மத்தியானம் கண்ணாடிமேல் வெயில் அடித்தால் உள்ளே ஆள் இருப்பது தெரியாது. இதைப் படித்துவிட்டு யாரும் மத்தியானம் வரவேண்டாம்.

மார்ச் 1, இரவு 10:15

பரிதானம் என்றால் என்ன என்று கேட்ட தம்பிகளுக்கு. லஞ்சம். நாங்கள் கோவிலில் வாசிப்பது 1871-இல் வந்த மொழிபெயர்ப்பு, மிஷனரி ஹென்றி பவர் ஐயர் குழு செய்தது. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் கையூட்டு என்று இருக்கும். சின்ன வயதில் பரிதானம் என்றால் ஏதோ பரிசு, தானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "பரிதானம் வாங்காதிருப்பாயாக" என்று கேட்டபோது, போட்டியில் வாங்கிய டம்ளரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமோ என்று ஒரு வாரம் பயம்.

பெரியவனான பிறகு வேறு தொந்தரவு. இந்தச் சொல்லை எந்த ஆபீசிலும் யாரும் சொல்வதில்லை. மாமூல், டீக்காசு, கவனிப்பு, அன்பளிப்பு. தம்பியின் டிராயரில் கிடப்பதன் பெயர் கேக். அந்தக் கவர்மேல் "பரிதானம்" என்று பேனாவால் எழுதிப் பாருங்கள்.

வேதம் இதில் வெள்ளந்தி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நீதிமொழிகள் 17:8, பரிதானம் வாங்குகிறவன் பார்வைக்கு அது இரத்தினம்போல் இருக்கும், அது நோக்கும் திசையெல்லாம் காரியம் வாய்க்கும். உள்ளதை உள்ளபடி எழுதி வைத்திருக்கிறான். இதைப் பிரசங்கத்தில் கேட்டதாக ஞாபகமே இல்லை. சாமுவேலின் சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் பரிதானம் வாங்கினார்கள், நாலு அதிகாரத்துக்கு முன்னால், 8:3. அதையும் நாங்கள் ராத்திரி வாசித்திருப்போம். என் காதில் விழவில்லை.

மார்ச் 1, இரவு 10:32

கேயாசியை விட்டுவிட்டேன், எலிசா தீர்க்கதரிசியின் வேலைக்காரன், எஜமானுக்குத் தெரியாமல் நாகமானிடம் வாங்கிக் குஷ்டரோகியானவன். இரண்டு தாலந்து வெள்ளி, இரண்டு மாற்றுவஸ்திரம். தாலந்து சுமார் 34 கிலோ, ஆக 68 கிலோ, இரண்டு வேலைக்காரர் தலையில். எடைமேடைக்காரன் புத்தி, முதலில் எடைதான் கண்ணில் படுகிறது. நான் இரண்டு நூறு ரூபாய்த் தாளுக்கு. குஷ்டரோகத்துக்குக்கூட ஒரு ரேட்டு வேண்டாமா?

மார்ச் 3, மாலை 5:20

ஒரு அக்கா கேட்டிருக்கிறார்கள்: ஆயக்காரன் சகேயு அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுத்தானே, நீங்கள் கொடுத்தீர்களா?

மார்ச் 5, இரவு 11:30

இரண்டு நாளாக எழுதவில்லை. கொடுக்கவில்லை. நிறுத்தியதோடு முடிந்தது என்று பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டேன்.

பழைய வீட்டுக் கணக்கு நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு முப்பது லோடு இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். 24. எப்படித் தெரியும் என்றால், நான் அதை வரவு எழுதியிருக்கிறேன். "இதர வரவு 200." பால், மளிகை, கோவில் சந்தா, இதர வரவு. கோவிலுக்குக் கொடுக்கிற தசமபாகமும் அதிலிருந்து போயிருக்கிறது. எனக்கே முகம் சுட்டது.

24 லோடு, 4,800 ரூபாய். சகேயு கணக்கில் நாலத்தனை என்றால் 19,200. எண்ணாகமம் 5:7 கணக்கில் அசலோடு ஐந்தில் ஒரு பங்கு, 5,760. ஆனால் இதெல்லாம் என் கைக்கு வந்தது. வாங்கியவருக்கு நஷ்டம் லோடுக்கு 130 கிலோ, அன்றைக்குக் கிலோ 25 என்று வைத்தால் 78,000. இதை முதல் தடவையாக இன்றைக்குத்தான் பெருக்கிப் பார்த்தேன்.

மார்ச் 6, காலை 5:50

ஐந்தில் ஒரு பங்கோடு தருகிறேன். 78,000 என்னால் ஆகாது, சொல்லிவிடுகிறேன். சகேயு ஐசுவரியவான்.

மார்ச் 10, இரவு 9:15

நேற்று போனேன். பழைய இரும்புக் கடை பாய், எழுபது தாண்டியிருக்கும். மகன்கள் பார்த்துக்கொள்கிறார்கள், அவர் வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. எடைமேடை என்றதும் தெரிந்தது. சொன்னேன். வண்டி, இரண்டு ஆள், 130 கிலோ, 24 லோடு, எல்லாம். சொல்லி முடிக்கும்வரை தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கேட்டார்.

பிறகு சிரித்தார். "தம்பி, மண்ணு, துருவுன்னு சொல்லி டன்னுக்கு இத்தனை கிலோன்னு நாங்க கழிச்சுத்தானே காசு குடுப்போம். அதுக்குத்தான் அவன் ஆளை உக்கார வச்சிருக்கான்." நான் கவரை நீட்டினேன். வாங்கமாட்டார் என்று நினைத்தேன், வாங்கினார். "வாங்கலன்னா உமக்குத் தூக்கம் வராது" என்று நாக்கில் விரலைத் தொட்டு எண்ணினார். 5,760. இது என்ன கணக்கு என்றார். அசல் 4,800, எங்கள் வேதத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது என்றேன்.

960-ஐப் பிரித்து என் சட்டைப் பையில் சொருகிவிட்டார். "கொடுக்கச் சொல்றது உங்க வேதம், சரிதான். அசலுக்கு மேல வாங்கினா எனக்கு வட்டி மாதிரி ஆயிரும். எங்களுக்கு அது ஆகாது." மீதி நஷ்டத்தைப் பற்றி நான் ஆரம்பித்தேன். "அதை மனசாரப் பொருந்திக்கிட்டேன்" என்று மகனை டீ வாங்கிவரச் சொன்னார். டீ குடித்தோம். நான் கிளம்பும்போது மகனிடம், மண்ணுக்குக் கழிக்கிறது இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தார். மகன் பதில் சொல்லத் தயங்கினான். அதற்கு மேல் நான் நிற்கவில்லை.

மார்ச் 10, இரவு 9:40

960-ஐக் காணிக்கைப் பையில் போடச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே அந்தக் காசிலிருந்து தசமபாகம் போன கதை இருக்கிறது. யூதாஸ் எறிந்த வெள்ளிக்காசைக் காணிக்கைப் பெட்டியில் போட பிரதான ஆசாரியர்களே யோசித்தார்கள், மத்தேயு 27:6.

மார்ச் 12, காலை 6:10

கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதியிருந்தார். கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சப்ளையர் வருத்தப்பட்டாராம், "என்ன சார், கம்மியா?" என்று. கேக்கை டிசம்பரிலேயே சாப்பிட்டாயிற்றாம், அதற்கு என்ன செய்ய என்கிறார்.

எனக்குத் தெரியவில்லை தம்பி. என்ன கேக், எத்தனை கிலோ?